அரிசியும் பயறும் ஒரே குக்கரில், எலுமிச்சை பக்கத்துத் தட்டில்

தனியாகச் சமைக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது, சாம்பார், பொரியல், ரசம் என்று நாலு பாத்திரம் தேய்க்காமல் ஒழுங்காகச் சாப்பிட ஒரு வழியைத்தான். என்னைக் கேட்டால் அரிசியோடு ஒரு பருப்பையோ பயறையோ சேர்த்து ஒரே குக்கரில் வைத்த சாதத்தைச் சொல்வேன். பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த ஒரு பச்சைக் கலவை போதும். கோசுமல்லியோ, வல்லாரைச் சம்பலோ, ஒன்றுமில்லை என்றால் எலுமிச்சையில் ஊறிய வெங்காயமோ.

இந்தச் சாப்பாட்டில் புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் புளிப்பில்தான். பயறு வேகுமுன்னே தக்காளியையும் புளியையும் கொட்டிவிட்டு, எட்டு விசில் விட்டும் வேகவில்லை என்பார்கள். அடுப்பு எரியும்போதே எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, சாதம் கசக்கிறது என்பார்கள். கோசுமல்லியில் அரை மணி நேரம் முன்பே உப்பும் எலுமிச்சையும் போட்டுவிட்டு, ஒரே தண்ணீராக நிற்கிறது என்பார்கள். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: புளிப்பு கடைசியில் வரட்டும். கீழே சொல்லப்போவதில் பாதி இதைச் சுற்றியேதான் இருக்கும்.

எந்தப் பயறில் ஆரம்பிப்பது

ஒரேயடியாக ராஜ்மாவில் இறங்க வேண்டாம். முதல் வாரம் துவரம்பருப்பு அல்லது பாசிப்பருப்பு. இரண்டும் தோல் நீக்கி உடைத்தவை, அரிசி வேகும் நேரத்திலேயே தாமும் வெந்துவிடும். கை கொஞ்சம் பழகியதும் தட்டப்பயறு. சென்னைப் பக்கம் காராமணி என்றும், இலங்கையில் கௌபி என்றும் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான். முழுப் பயறுகளில் இது சாது. அதற்குப் பிறகு மொச்சை, கொண்டைக்கடலை, ராஜ்மா.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். பயறு பழசாக ஆக வேகும் குணம் குறையும். வெயிலிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்தது எவ்வளவு ஊறினாலும் நடுவில் கல் மாதிரியே நிற்கும். அதனால் ஐந்து கிலோ மூட்டை லாபமாகத் தெரிந்தாலும் ஒருவர் சமையலுக்கு அரைக் கிலோ போதும். சுருங்கியது, ஓட்டை விழுந்தது, நிறம் மங்கியது இதெல்லாம் பொட்டலத்தில் அதிகம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஊறப்போடுவது

பாசிப்பருப்புக்கு ஊறலே வேண்டாம், கழுவினால் போதும். துவரம்பருப்பு 20 நிமிடம், அரிசியோடு சேர்த்தே ஊறலாம். தட்டப்பயறுக்கு 4 முதல் 6 மணி நேரம். மறந்துபோனால் வெறும் வாணலியில் வாசம் வரும்வரை லேசாக வறுத்துவிட்டு, இரண்டு விசில் கூடுதலாக விட்டுச் சமாளிக்கலாம். காய்ந்த மொச்சை, கொண்டைக்கடலை, ராஜ்மாவுக்கு இரவு முழுக்க, அதாவது 8 மணி நேரத்துக்குக் குறையாமல். பயறு இரண்டு மடங்குக்கும் மேல் உப்பும், அதற்கு இடம் விட்டுப் பெரிய பாத்திரமாக எடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அடுப்பங்கரையிலேயே விட்டால் காலையில் நுரை கட்டி ஒரு வாடை வரும். அந்த நாட்களில் ஃபிரிட்ஜில் வைத்து ஊறவிடுவதே நல்லது.

உப்புப் போட்டால் பயறு வேகாது என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அது சரியில்லை. ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் தோல் இளகி, வெந்தபின் வெடிக்காமல் முழுசாக நிற்கும். வேகவிடாமல் தடுப்பது உப்பு இல்லை, புளிப்பும் கடினத் தண்ணீரும். பயறின் உள்ளே செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பயறு குழையும். புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் அந்தக் கரைசலைத் தாமதப்படுத்தும். கால்சியம் அதிகமுள்ள போர்த் தண்ணீரும் அதே வேலையைத்தான் செய்யும். குழாய் முனையில் வெள்ளையாகப் பொரிந்துபோகும் தண்ணீர் வரும் வீட்டில், பயறு ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் கேன் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுத்துப் பாருங்கள், விசில் எண்ணிக்கையே குறையும். ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டாலும் வேகும்தான். ஆனால் ருசியும் போய், பி1 வைட்டமினும் குறையும். வேறு வழியே இல்லாத பழைய பயறுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சாதம்: கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வீட்டில் காய் எதுவும் இல்லாத நாளிலும் இது உண்டு, எல்லாம் இருக்கிற நாளிலும் உண்டு. பிசிபேளாபாத்தைப் போலத் தனிப்பொடி அரைக்கும் வேலை இதில் இல்லை. பொங்கலைப் போலக் குழையவும் வேண்டாம். சோறு சோறாகவும் இருக்க வேண்டும், கரண்டியில் எடுத்தால் லேசாக ஒட்டவும் வேண்டும். அந்த இடைநிலையைப் பிடிப்பதுதான் இதில் இருக்கும் ஒரே வித்தை.

இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. பருப்பு பிடிக்குமென்றால் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம், அதற்கு மேல் போனால் சாதம் களியாகிவிடும். இரண்டையும் ஒன்றாகக் கழுவி 20 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறுகிற நேரத்தில் சின்ன வெங்காயம் 12, பூண்டு 7 பல் உரித்துவிடலாம். வெங்காயம் சின்னதாக இருந்தால் வெட்டவே வேண்டாம், முழுசாகப் போடுங்கள். பெரிய வெங்காயத்தில் செய்தாலும் சாதம் வரும், ஆனால் அது அரிசியும் பருப்பும் ஆகாது என்பது என் கட்சி.

குக்கரிலேயே நேராகத் தாளிக்கலாம். இரண்டு கரண்டி கடலெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது வெடித்து அடங்கியதும் ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு, கிள்ளிய வரமிளகாய் மூன்று. அப்புறம் பூண்டு, வெங்காயம், இரண்டு ஆர்க்குக் கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடி போலாகி, பூண்டின் ஓரம் சிவக்கத் தொடங்கும்போது ஒரு சின்னத் தக்காளியும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும். தக்காளியை மட்டும் ஏன் முன்னாலேயே போடுகிறோம் என்று கேட்பீர்கள். துவரம்பருப்பு தோல் போய் உடைந்தது, ஊறவும் செய்திருக்கிறது, அதோடு குக்கரின் அழுத்தமும் இருக்கிறது. ஒரு சின்னத் தக்காளியை அது தாங்கும். மூன்று தக்காளி போட்டால் தாங்காது, பருப்பு முழித்துக்கொண்டு நிற்கும்.

இனி தண்ணீர். புதிய பச்சரிசி என்றால் மூன்று டம்ளர். பழைய பொன்னிப் புழுங்கல் என்றால் மூன்றரை. ரேஷன் அரிசியும் மூன்றரையில் நன்றாக வரும், ஊறல் மட்டும் அரை மணி நேரம் வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உப்புப் போட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு கல் தூக்கலாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் அரிசி உள்ளே போனதும் இழுத்துக்கொள்ளும். இந்த இடத்தில் உப்பைப் பார்த்துவிட்டால், வெந்தபின் மேலே தூவிக் கிளறிச் சாதத்தை உடைக்கும் வேலை மிச்சம். ஊறிய அரிசி பருப்பைத் தண்ணீர் வடித்துச் சேர்த்து, அடி வரை ஒருமுறை கிளறி, மூடி போட்டு நடுத்தீயில் மூன்று விசில். பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால், அரிசியும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மேலே போனால் வெயிட் வழியாக மஞ்சள் தண்ணீர் பீய்ச்சி, அடுப்பைத் துடைக்க அரை மணி நேரம் ஆகும்.

அடுப்பை அணைத்ததும் கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். தானாக அடங்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் மேலே நிற்கும் தண்ணீரைச் சோறு இழுக்கிறது. திறந்ததும் கொஞ்சம் தளர்வாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தட்டுக்கு வருவதற்குள் இறுகிவிடும். கொத்தமல்லித் தழை, தாராளமாக நெய். தொட்டுக்கொள்ள அப்பளமும் தயிரும் போதும் என்பார்கள் ஊரில். பக்கத்தில் கோசுமல்லி இருந்தால் இன்னும் ஒரு கரண்டி சாதம் உள்ளே போகும்.

தட்டப்பயறு சாதம்

முழுப் பயறு அரிசியோடு சேரும்போது முறை கொஞ்சம் மாறும். பயறு தனியாக முக்கால்வாசி வெந்தபிறகுதான் அரிசியைச் சந்திக்க வேண்டும். ஒன்றாகவே போட்டால், பயறு வேகும்போது அரிசி குழைந்திருக்கும், அரிசி பதமாக இருக்கும்போது பயறு பல்லில் தெறிக்கும்.

ஊறிய அரை டம்ளர் தட்டப்பயறைத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் சேர்த்து ஒரே ஒரு விசில் விடுங்கள். ஒரு பயறை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். நசுங்க வேண்டும், ஆனால் மாவாக வழுக்கி ஓடக்கூடாது. வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதை அளந்து, சோற்றுக்கான தண்ணீரில் ஒரு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். சாதத்தின் நிறமும் வாசமும் அதில்தான் இருக்கிறது.

தாளிப்பு முன்போலவே. கூடவே நாலு கத்திரிக்காயை நீளவாக்கில் நறுக்கிப் போடுங்கள். தட்டப்பயறும் கத்திரிக்காயும் குழம்பில் சேர்ந்தே பழகியவை, சாதத்திலும் அப்படித்தான். ஒரு தேக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், வீட்டுக் குழம்புத்தூள் இருந்தால் அதுவே போதும். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர், அதில் பயறு வெந்த தண்ணீரும் அடக்கம். அரிசியும் பயறும் சேர்த்து இரண்டு விசில். திறந்ததும் தேங்காய்த்துருவல் ஒரு கைப்பிடி. கொஞ்சம் ஆறியபின் அரை எலுமிச்சை பிழிந்து, கரண்டிக் காம்பால் கிளறுங்கள். குழம்பில் புளி செய்யும் வேலையை இங்கே எலுமிச்சை செய்கிறது, ஆனால் பயறை இறுக்காமல்.

இந்தப் பயறின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே புத்தாண்டு நாளில் ஹாப்பின் ஜான் என்று இதே பயறையும் அரிசியையும் சேர்த்துத்தான் சமைக்கிறார்கள். வழக்கமாக அதில் பன்றி இறைச்சி உண்டு. மற்றபடி அந்தத் தட்டு நம் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது.

பிதுக்குப்பருப்பு கிடைக்கிற மாதங்கள்

மார்கழியிலும் தையிலும் பச்சை மொச்சை சந்தைக்கு வரும். வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் அந்த இரண்டு மாதமும் பிதுக்குப்பருப்புதான். காயை உரித்து, கொட்டையைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிடுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, முளை இருக்கும் ஓரத்தை மேலே வைத்து இரண்டு விரலால் அழுத்தினால், தோல் கையில் நிற்க, உள்ளே இருக்கும் பருப்பு துள்ளிப் பாத்திரத்தில் விழும். முதல் பத்து எங்கெங்கோ பறக்கும், அப்புறம் கை பழகிவிடும். ஒரு கிலோ காய் வாங்கினால் கடைசியில் மிஞ்சுவது இரண்டு கைப்பிடிதான். தனியாக உட்கார்ந்து செய்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், பேச்சுத்துணையோடு செய்யுங்கள். இதே பருப்பைப் பெங்களூரில் தோல் நீக்கியே பொட்டலத்தில் விற்கிறார்கள்.

இது பச்சைப் பருப்பு என்பதால் குக்கரே வேண்டாம். சோம்பு, இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து வதக்கி, பருப்பைப் போட்டுத் திறந்த சட்டியில் வேகவிட்டால் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். அதில் சீரகச்சம்பா அரிசியைப் போட்டு ஒன்றுக்கு இரண்டு தண்ணீரில் தம் வைத்தால், பிரியாணிக்கு வந்த விருந்தாளிகூடக் கோழி எங்கே என்று கேட்க மாட்டார்.

ராஜ்மாவுக்கு மட்டும் ஒரு கண்டிப்பு

சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சு இருக்கிறது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நாலைந்து கொட்டை தின்றாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் நன்றாகக் கொதிக்கக் கொதிக்க வேகவிட்டால் அது செயலிழந்துவிடும். குக்கரில் ஐந்தாறு விசில் விடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். ஆபத்து, கொதிநிலைக்கு வராமல் மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வைக்கும் மின்சார மெதுச்சமையல் பானைகளில்தான். அதில் செய்ய ஆசைப்பட்டால், முதலில் தனியாக அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்துவிட்டு மாற்றுங்கள். வெந்த ராஜ்மாவை வெங்காயம், தக்காளி மசாலாவில் கொதிக்கவிட்டு வெள்ளைச் சோற்றில் ஊற்றிக்கொள்வது வடக்கத்தி முறை. அங்கேயும் பயறு மெத்தென்று வெந்தபிறகுதான் தக்காளி சேரும் என்பதைக் கவனியுங்கள்.

எலுமிச்சை வாங்குவதும் பிழிவதும்

நம் நாட்டு எலுமிச்சையில் தோல் மெல்லிசாக, வழவழப்பாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனமாகத் தெரிவதுதான் சாறுள்ளது. தோல் தடித்து மேடுபள்ளமாக இருப்பது பார்க்கப் பெரிதாக இருக்கும், பிழிந்தால் ஏமாற்றும். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி, எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன ஊர். அங்கேயிருந்து வரும் பழமென்று கடைக்காரர் சொன்னால் நம்பி எடுக்கலாம், சொல்கிறவர் உண்மை சொன்னால். கோடையில் விலை ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். இறங்கும்போது வாங்கி, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை உடனே வெட்டாதீர்கள். குளிர் விட்டதும் மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, குறுக்காக வெட்டுங்கள். பிழியும்போது கடைசிச் சொட்டுக்காகத் தோலை முறுக்கக் கூடாது, தோலில் இருக்கும் எண்ணெயும் கசப்பும் இறங்கும். விதை விழுந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம் இரண்டும் புளிப்புக்கு ஆகாது. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான், மண்சட்டி எதுவும் சரி.

பாசிப்பருப்புக் கோசுமல்லி

ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு இதைக் கொடுப்பார்கள். கல்யாணப் பந்தியில் இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி விழும். அது போதாதென்று தோன்றுகிறவர்கள் வீட்டில் ஒரு கிண்ணம் செய்துகொள்ளலாம், இதில் அடுப்பு வேலை தாளிப்பு மட்டும்தான்.

கால் டம்ளர் பாசிப்பருப்பைக் கழுவி, முக்கால் மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு பருப்பை நகத்தால் கிள்ளினால் சுத்தமாக இரண்டாக வர வேண்டும், நடுவில் மாவு போல வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம். வேகவைக்கக் கூடாது, வெந்தால் அது வேறு பண்டம். வடிகட்டியில் போட்டுக் கால் மணி நேரம் தண்ணீர் சொட்ட விட்டுவிடுங்கள். பலர் இந்தக் கால் மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடுவார்கள், கோசுமல்லி சொதசொதவென்று போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டி வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் இன்னொரு அங்குலம் தள்ளி வெட்டிப் பாருங்கள், அங்கேயும் கசந்தால் அதை விட்டுவிடுங்கள். முற்றிய காயென்றால் நடு விதைப்பகுதியை வழித்து எடுக்க வேண்டும். துருவாதீர்கள், கத்தியால் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய அளவில் நறுக்குங்கள். ஒரு கேரட்டை மட்டும் துருவலாம். மாங்காய்க் காலமானால் கிளிமூக்கு மாங்காய் இரண்டு கீற்றைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள், அப்போது எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். பச்சைமிளகாய் ஒன்று, கொத்தமல்லி, இரண்டு கரண்டி தேங்காய்த்துருவல். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, சூடு ஆறியபின் கொட்டுங்கள். சூடாகக் கொட்டினால் வெள்ளரி வதங்கும்.

இதுவரை உப்பும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. அப்படியே மூடி வைத்துவிடுங்கள். தட்டு போட்டு எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் உப்பும் அரைமூடி எலுமிச்சையும். உப்பு, காயின் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். பத்து நிமிடத்திலேயே கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். டப்பாவில் மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் ஒரு மடித்த காகிதத்தில் உப்பும், வெட்டாத ஒரு சின்ன எலுமிச்சையும் கூடவே கொண்டுபோங்கள். ஊறிய பச்சைப் பருப்பு சிலருக்கு வயிற்றைப் பொருமச் செய்யும். முதல் தடவை இரண்டு கரண்டியோடு நிறுத்திப் பாருங்கள்.

வல்லாரைச் சம்பலும் வெங்காயமும்

இலங்கையில் சோறு, கறியோடு அடிக்கடி தட்டுக்கு வருகிற பச்சைக் கீரை வல்லாரை. அவர்கள் சேர்ப்பது தேசிக்காய்ப் புளி, அதாவது நம் எலுமிச்சைதான். தரையோடு படர்கிற கீரை என்பதால் மண் இருக்கும். மூன்று தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துணியில் உதறுங்கள். முற்றிய தண்டை நீக்கிவிட்டு, இலைகளைக் கட்டாகப் பிடித்து எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாக அரியுங்கள். தடிப்பாக அரிந்தால் கசப்பும் நாரும்தான் நாக்கில் நிற்கும். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் இரண்டும் பொடியாக. தேங்காய்த்துருவல் கீரையில் பாதி அளவு. உப்பு, தேசிக்காய்ச் சாறு விட்டு விரல் நுனியால் பிரட்டி உடனே பரிமாற வேண்டும். வைத்தால் கறுக்கும், அடுத்த வேளைக்கு ஆகாது. பச்சைப்பயறுக் கஞ்சியோடும் தட்டப்பயறு சாதத்தோடும் இது நன்றாகப் போகும். துவரம்பருப்புச் சாதத்துக்குக் கோசுமல்லியே மேல்.

ஒன்றுமே இல்லாத நாளில் பெரிய வெங்காயம் ஒன்று. தாள் போல அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி, தண்ணீரில் ஒரு தடவை அலசிப் பிழிந்துவிட்டு எலுமிச்சை விடுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே பிழியலாம். பத்து நிமிடத்தில் காரம் இறங்கி, ஊதா நிறம் மாறி ரோஜா நிறத்துக்கு வரும். ராஜ்மாவுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை.

எதற்கு இந்த ஜோடி

ருசிக்காக மட்டும் இல்லை. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். பயறில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது, அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்த வைட்டமின் சூட்டில் அழியக்கூடியது என்பதால், சாதத்தோடு கொதித்த எலுமிச்சையைவிடப் பக்கத்தில் பச்சையாக இருக்கும் எலுமிச்சைக்குத்தான் பலன் அதிகம். சாப்பிட்டுக் கை கழுவியதும் காபியோ டீயோ குடித்தால் இந்த லாபம் குறையும், ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்களைத் தெரியும், வற்புறுத்தவில்லை.

மிஞ்சினால்

பயறு சேர்ந்த சாதம் வெறும் சோற்றைவிடச் சீக்கிரம் ஊசிப்போகும். இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பழைய சோறு மாதிரி தண்ணீர் ஊற்றி வெளியே வைக்கும் வேலை இதற்குச் சரிவராது. இரவெல்லாம் மேடையில் கிடந்ததை மறுபடி சூடு செய்தாலும் சரியாகாது, சோற்றில் வளரும் சில கிருமிகள் விடும் நச்சு சூட்டுக்கு அழியாது.

ஒழுங்காக எடுத்துவைத்ததை மறுநாள் காலை வறுத்துச் சாப்பிடலாம். கோஸ்டாரிகாவிலும் நிகரகுவாவிலும் கல்லோ பின்டோ என்ற காலை உணவே அப்படித்தான். முந்தின நாள் சோற்றையும் வெந்த பயறையும் வெங்காயம், குடைமிளகாயோடு வாணலியில் போட்டு வறுத்து, முட்டையோடு சாப்பிடுவார்கள். குளிர்ந்த சோறு உதிரியாக இருப்பதால் வறுவலுக்கு அதுதான் தோது. நம் தட்டப்பயறு சாதத்திலும் அதைச் செய்யலாம். இரும்பு வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் சாதத்தைப் பரப்பி, இரண்டு நிமிடம் கைபடாமல் விடுங்கள். அடியில் முறுகல் பிடித்ததும் திருப்பிப் போட்டு, தட்டுக்கு எடுத்தபின் எலுமிச்சை. கோசுமல்லி மிஞ்சினால் அதை எடுத்துவைக்க வேண்டாம், தண்ணீரை வடித்துவிட்டுக் கெட்டித் தயிரில் போட்டு அன்றைக்கே பச்சடியாக முடித்துவிடுங்கள்.